நாய்க்கு இதயப்புழு, மகனுக்கு டிங்கி: நாயிடமிருந்து வந்திருக்குமா?

செந்தூல்வாணி:
வணக்கம். எங்கள் வீடு செந்தூலில், பின்னால் பெரிய லோங்காங் (சாக்கடை). போன மாதம் மகனுக்கு டிங்கி வந்து ஆறு நாள் வார்டில் கிடந்தான், இப்போது தேறிவிட்டான். இந்த வாரம் எங்கள் நாய் மணி இருமிக்கொண்டே இருக்கிறதே என்று கிளினிக்குக் கொண்டுபோனால், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இதயப்புழு என்கிறார்கள், அதுவும் கொசுவால்தானாம். அதைக் கேட்டதிலிருந்து மாமியார், பிள்ளைக்கும் அதனிடமிருந்துதான் வந்தது, யாருக்காவது கொடுத்துவிடு என்று ஒரே பிடியாக நிற்கிறார். எட்டு வருடமாக வாசலில் படுத்திருக்கும் ஜீவன். நாயிடமிருந்து பிள்ளைக்கு டிங்கி வருமா?

ஜெலுத்தோங்தம்பி:
கொடுத்துவிடாதீர்கள் அக்கா. பினாங்கில் ஒரு கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன், மாதாமாதம் இதே கேள்வி வரும். டிங்கி கண்ட மனிதரைக் கடித்த ஏடிஸ் கொசுதான் அடுத்த மனிதருக்குக் கொண்டுபோகிறது, நடுவில் நாய் இல்லை. இதயப்புழு வேறு கதை. நோயுள்ள நாயைக் கடிக்கும்போது குட்டிப் புழுக்கள் கொசுவுக்குள் போய், அங்கே இரண்டு வாரம் போல வளர்ந்து, அடுத்த நாய்க்குள் இறங்கி, ஆறேழு மாதத்தில் முழுப் புழுவாகின்றன. பெண் புழு 30 செ.மீ. வரை நீளும், வெள்ளை நூல் மாதிரி இருக்கும், நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலேயே குடியிருக்கும். இருமல் அதனால்தான். மனித உடம்பில் இந்தப் புழு பெரும்பாலும் வளராமலே செத்துவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சிகிச்சை முடியும்வரை மணியை ஓட விடாதீர்கள். செத்த புழுக்கள் குழாயை அடைக்கும், அந்த நேரத்தில் ஓடினால் உயிருக்கே ஆபத்து.

கெப்போங்மாமா:
உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. 1998, 99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, கொசுவால் வரும் ஜே.ஈ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. கடைசியில் அது நிப்பா என்ற புது வைரஸ், பன்றியோடு நெருங்கிப் பழகுவதால் தொற்றுவது. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அன்று விலங்கு நோயைக் கொசு மேல் போட்டோம், இன்று நீங்கள் கொசு நோயை விலங்கு மேல் போடுகிறீர்கள். எது எதிலிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும், அப்புறம்தான் மற்றது.

ஃபிளாட்_கலா:
வாணி, லோங்காங்கை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே வளரும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிக்கும், அதுவும் இதயப்புழுவைப் பரப்பும், சரி. ஆனால் டிங்கி கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டை வைக்கும்: பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மூடாத வாளி. புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் கொட்டினால் போதாது, வாரம் ஒரு முறை ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

செந்தூல்வாணி:
எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் இருவருமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். வாழைமரத்தடியில் மணியின் பழைய தண்ணீர்ச் சட்டி, அதில் பாதிக்கு மழைத்தண்ணீர், டார்ச் அடித்ததும் கொசுப்புழுக்கள் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. மாமியாரே அதை மண்ணில் கொட்டி, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார். மணிக்கு மாத்திரை தொடங்கியாகிவிட்டது, ஊசி பிறகுதானாம். இப்போது வீட்டுக்குள் கட்டிப் போட்டிருக்கிறோம்.