1998 புரோட்டான் வீரா 1.5 கார்: பழுது பார்ப்பதா, விற்பதா, இரும்புக்குப் போடுவதா?

தோட்டத்து வீரா (சுங்கை சிப்புட்)
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவின் வீரா, 1998, கார்புரேட்டர், மேனுவல் கியர். தினமும் 6 கிலோமீட்டர் செம்மண் ரோடு, பிறகு டவுன். ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது, ஒழுகல் எங்கும் தெரியவில்லை. வெள்ளைப் புகை வருகிறது. பட்டறையில் எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்யும் ஓவர்ஹாலுக்கு 3,500 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் 900 தருகிறேன் என்கிறார்.

ஸ்பேனர்12
தம்பி, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்து பார்த்தார்களா? அளக்காமல் சொன்ன 3,500ஐ நம்பாதீர்கள். உங்கள் அறிகுறிகள் ஹெட் கேஸ்கட்டைத்தான் (எஞ்சின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) காட்டுகின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. எண்ணெய் மூடியின் அடியில் தே தாரேக் (இழுத்த பால் தேநீர்) நுரை மாதிரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியில் மட்டும் மெல்லிய படலம் இருந்தால் அது குறுகிய ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம், பேரிங் போய்விடும்.

பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். குறைவான சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்தால் அளவு ஏறுகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, இல்லை கேஸ்கட்.

தோட்டத்து வீரா
அளந்தாச்சு அண்ணே. வரிசையாக 165, 95, 90, 160 பிஎஸ்ஐ. எண்ணெய் விட்டும் ஏறவில்லை. டிப்ஸ்டிக் சுத்தம்.

ஸ்பேனர்12
பக்கத்துப் பக்கத்தில் 2ம் 3ம் சேர்ந்து விழுந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. ரிங் நன்றாக இருக்கிறது, ஓவர்ஹால் தேவையில்லை. ஹெட்டை மட்டும் இறக்கி ஈப்போவில் மெஷின் ஷாப்புக்கு அனுப்புங்கள். நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்கும்போது வளைவு 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 0.2 தாண்டினால் வேறு ஹெட். பிரஷர் டெஸ்டும் கேளுங்கள், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஹெட் இறக்க டைமிங் பெல்ட்டைக் கழற்றத்தானே போகிறார்கள், அதோடு பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ஆனால் காரணத்தை விட்டுவிட்டால் கேஸ்கட் மறுபடியும் போகும். செம்மண் தூசியும் செம்பனை நாரும் ரேடியேட்டர் இடுக்கில் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுவது போல் தண்ணீர் அடியுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அலுமினிய ஹெட் அரித்துப்போகும், கூலண்ட் கலந்தே ஊற்றுங்கள்.

ஈப்போ வெல்டர்
பணம் கொடுப்பதற்கு முன் காரைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். இந்த வயதுக் காரில் முடிவைச் சொல்வது துருதான். பானெட்டைத் திறந்தால் முன் அப்சோர்பர் மேலே மூன்று நட் இருக்கும் இடம் (அப்சோர்பர் கோபுரம்), பக்கக் கதவுக்குக் கீழ் ஓடும் 'சில்' சட்டம், பாய்க்கு அடியில் தரை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்துங்கள். டொக் என்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது. பெயிண்ட் பொத்தென்று உள்ளே போய் செதில் கொட்டினால் இல்லை. தரையில் கையகல ஓட்டை என்றால் தகடு வெட்டி வெல்டிங் பிடிக்கலாம். அப்சோர்பர் கோபுரம் அரித்திருந்தால் எஞ்சினுக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

கிராண்ட் கையில்
விற்பதாக இருந்தால் கேஸ்கட் விஷயத்தை மறைக்காமல் சொல்லி விலை பேசுங்கள். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை, பிறகு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாற்றம். கிராண்டை (கார் உரிமைப் பத்திரம்) கொடுத்து "பிறகு மாற்றிக்கொள்" என்று விட்டால் சம்மன் அப்பா பெயரில்தான் வரும். இரும்புக் கடைக்குப் போனாலும் ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நம்பர் வேறு காரில் ஓடலாம். அப்பாவின் என்சிடி (இன்சூரன்ஸில் கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி) 55 விழுக்காடு இருந்தால் அது காரோடு போகாது, அவருடைய அடுத்த காருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தோட்டத்து வீரா
கோபுரம் இரண்டும் டொக் என்கிறது. ஓட்டுநர் பக்கத் தரையில் மட்டும் ஓட்டை. நாளைக்கு ஹெட்டை இறக்கச் சொல்கிறேன்.