மைனஸ் 5 பவர், கண்ணிவெடி அகற்றும் வேலை: கண்ணுக்கு லேசர் செய்யலாமா?

கிளி_தங்கச்சி:
வணக்கம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். வயது 26, இரண்டு கண்ணும் மைனஸ் 5. வெயில் ஏறினால் வைசருக்குள், அதாவது முகத்தை மூடுகிற பாதுகாப்புத் தடுப்புக்குள், வியர்வை ஆவி கண்ணாடியில் படிந்துவிடும், இருந்த இடத்தில் வைசரைத் தூக்கித் துடைக்க ஏலாது, ஒவ்வொரு தடவையும் பின்னால் போய்க் கழற்றித் துடைத்துவிட்டு வரவேணும். கொன்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன், இந்தப் புழுதிக்கு அது சரிவரவில்லை. கொழும்பில் லேசர் செய்தால் கண்ணாடியே தேவையில்லையாம். சீட்டுக் காசும் கையில் இருக்கு. அம்மாதான் கண்ணில் மட்டும் கை வைக்காதே என்று நிற்கிறா. செய்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கோ.

பரந்தன்_பொடியன்:
நான் லாசிக் என்கிற லேசர் முறையில் செய்தவன். அடுத்த நாளே கண்ணாடி இல்லாமல் பஸ் போர்ட்டை வாசித்தேன், அது பொய்யில்லை. ஆனால் விளம்பரத்தில் கண் வறட்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். லேசர் அடிக்கிறதுக்காகக் கோர்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தில், மெல்லிய மடல் வெட்டித் திறக்கும்போது அங்கே ஓடும் நரம்புகளும் அறுபடும், அவை திரும்ப வளர மாதக்கணக்கில் எடுக்கும், அதுவரை கண் காயும். எனக்கு அந்த வருஷம் சோளகக் காற்று முழுக்கச் செயற்கைக் கண்ணீர்ப் போத்தல் சட்டைப் பையிலேயே கிடந்தது. இரவில் ஏ9 வீதியில் எதிரே வரும் லொறி லைட்டைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும், மாடு படுத்திருக்கிற ரோட்டில் அது விளையாட்டில்லை. இப்போது நல்லாகக் குறைந்துவிட்டது, முற்றாகப் போகவில்லை. திரும்பவும் செய்வாயா என்று கேட்டால், செய்வேன்.

கண்கிளினிக்_அக்கா:
தங்கச்சி, செய்யலாமா என்பதை இங்கே நாங்கள் யாரும் சொல்ல ஏலாது, உங்கள் கோர்னியாவை அளந்துதான் சொல்லவேணும். அது சராசரியாக 540 மைக்ரோன் தடிப்பு, அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட. லாசிக்கில் மடலுக்கு 100 முதல் 120 போகும், பிறகு ஒவ்வொரு பவருக்கும் கிட்டத்தட்ட 15 மைக்ரோன் சீவுவார்கள், உங்கள் மைனஸ் 5க்கு 75 வரும். மடலுக்குக் கீழே மிஞ்சுவது 250க்குக் குறையவே கூடாது, 300க்கு மேல் வேணும் என்று நிற்கிற டொக்டர்மாரும் உண்டு. சராசரித் தடிப்பென்றால் உங்களுக்குப் பிரச்சினையில்லை. 480 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள்.

தடிப்பு மட்டும் போதாது. கோர்னியா கூம்பு போல முன்தள்ளத் தொடங்குகிற ஒரு நோய் இருக்கு, கெரட்டோகோனஸ். அது இருக்கிற கண்ணில் லாசிக் செய்தால் படலம் இன்னும் பலவீனமாகிப் பார்வை நாளுக்கு நாள் கெடும். வெளிப்பார்வைக்குத் தெரியாது, கோர்னியாவைப் படமெடுத்துத்தான் பிடிப்பார்கள். புழுதிக்குக் கண் கடித்துக் கசக்குகிற பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கோ, கசக்கிற கண்ணில்தான் அதைக் கூடுதலாகக் காண்கிறோம். பரிசோதனைக்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன்பே லென்ஸ் போடுவதை நிறுத்துங்கோ, லென்ஸ் கோர்னியாவின் வடிவத்தையே மாற்றும். ஒரு வருஷமாகப் பவர் மாறாமல் நிற்கவும் வேணும்.

வொலிபோல்_ஒட்டுசுட்டான்:
அக்கா சொன்னதோடு இதையும் கேளுங்கோ: உங்கள் வேலைக்கு பிஆர்கே என்கிற மற்ற லேசர் முறை பொருந்துமா? அதில் மடலே இல்லை, மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு லேசர் அடிப்பார்கள். லாசிக் மடல் வருஷங்கள் கழித்தும் பலத்த அடி பட்டால் விலகலாமாம், பந்தை முகத்தால் வாங்குகிற எனக்கு அதுதான் பயம். ஆனால் முதல் மூன்று நாலு நாள் கண்ணுக்குள் மணல் கொட்டினது போல எரிந்தது, இருட்டறையில் கிடந்தேன். பார்வை தெளியக் கிழமைக்கணக்காகும். பிறகு மாதக்கணக்கில் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, இல்லாவிட்டால் படலம் மங்கலாம். லீவு கிடைக்குமா என்று முதலில் பாருங்கோ.

கிளி_தங்கச்சி:
கனக்க நன்றி. ஒன்று சொல்ல மறந்திட்டன். 2009இல் இடது கண்ணுக்குப் பக்கத்தில் ஷெல் துண்டொன்று பட்டது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை வருமா?

கண்கிளினிக்_அக்கா:
அதைத்தான் டொக்டரிடம் முதலில் சொல்லவேணும். இமையில் மட்டும் தழும்பென்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கோர்னியாவில் தழும்பிருந்தால் கதை வேறு. மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கோ. லேசர் கண்ணாடியைத்தான் கழற்றும், மைனஸ் கூடின கண்ணில் விழித்திரை கிழிகிற ஆபத்து பிறகும் அப்படியே இருக்கும். திடீரென்று மின்னல் வெட்டினது போல வெளிச்சம், கரும்புள்ளிகள், ஒரு பக்கத்தால் திரை இறங்குவது போல தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

நாற்பது தாண்டினால் வாசிக்கக் கண்ணாடி வரத்தான் செய்யும், அம்மாவிடம் அதையும் சொல்லி வையுங்கோ. செய்தால், முன்பிருந்த பவரும் கோர்னியா அளவுகளும் உள்ள ரிப்போர்ட்டை எறியாமல் வையுங்கோ. வயதுபோய்க் கற்றராக் (கண்புரை) ஒபரேஷன் வரும்போது லென்ஸ் கணக்குப் பார்க்க அது தேவைப்படும்.