டெலிவரி ஆப் "எங்களோடு மட்டும்" என்று ஒப்பந்தம் கேட்கிறது, கையெழுத்துப் போடலாமா?

தோசைக்கல்_தேக்கா:
சிங்கப்பூரில் தேக்கா பக்கம் நானும் கணவரும் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். இரண்டு ஆப்பில் இருக்கிறோம், இரண்டுமே 100 வெள்ளி ஆர்டருக்கு 30 வெள்ளி எடுத்துக்கொள்கின்றன. போன வாரம் அதில் பெரிய ஆப்பின் ஆள் வந்து, மற்றதை விட்டுவிட்டால் ஒரு வருடத்துக்கு 22தான் என்றார். விடாவிட்டால்? "ஒன்றுமில்லை அக்கா, ஆப்பில் உங்கள் கடை கொஞ்சம் கீழே போகலாம்" என்று சிரித்தார், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 100க்கு 8 வெள்ளி மிச்சம் என்பது எங்களுக்குப் பெரிய காசு. இப்படிக் கேட்பது சட்டப்படி சரியா?

ஈசூன்_ஓட்டுநர்:
அக்கா, அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். 2018 மார்ச் வரை காரில் இரண்டு போன் மாட்டியிருப்போம், ஒன்றில் ஊபர் ஆப், இன்னொன்றில் கிராப் ஆப், எதில் நல்ல காசு வருகிறதோ அதைத் தட்டுவோம். அந்த மாதம் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலை கிராபிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு கிராபில் 27.5 விழுக்காடு பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பியது. செப்டம்பரில் சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் இரண்டு பேருக்கும் சேர்த்து சுமார் 13 மில்லியன் வெள்ளி அபராதம் போட்டது. கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு ஏறியதையும் சொன்னது. உங்களுக்கு வேண்டியது அபராதக் கதை இல்லை, அதோடு வந்த உத்தரவு: ஓட்டுநர்களை ஒரே ஆப்போடு கட்டிப்போடக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு ஓட்ட ஆளே கிடைக்காவிட்டால் அவர் எப்படித் தொழில் நடத்துவார்? அதே வருடக் கடைசியில் கோஜெக் என்ற புது ஆப் வந்தபோது என்னைப் போன்றவர்கள் தயங்காமல் சேர்ந்தோம்.

சும்மா_சொல்றேன்:
அபராதத்தைக் கட்டினார்கள், தொழில் அவர்களிடமே இருக்கிறதே அண்ணே! வெள்ளம் வந்த பிறகு அணை போட்ட கதை.

புத்தகப்_பூச்சி65:
முழுக்க அப்படியும் இல்லை. 2023இல் கிராப் டிரான்ஸ்கேப் என்ற டாக்சி நிறுவனத்தை, அதாவது 2,000க்கும் மேற்பட்ட டாக்சிகளை, வாங்கப் பார்த்தது. இந்த முறை வாங்குவதற்கு முன்பே ஆணையத்திடம் போனார்கள். இது போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் என்று 2024 ஜூலையில் ஆணையம் முதற்கட்ட முடிவு சொன்னதும் கைவிட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் இங்கே நிறுவனங்கள் இணைவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அவர்களாகப் பார்த்துப் போவதுதான்.

சரி, அக்கா கேட்டதற்கு வருகிறேன். பெரிய ஆளாக இருப்பது நம் சட்டத்தில் குற்றமில்லை, அந்தப் பலத்தை வைத்துப் போட்டியை நசுக்கினால்தான் போட்டிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு வரும். சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் அது ஆதிக்கமாக இருக்கலாம் என்று ஆணையத்தின் வழிகாட்டியே சொல்கிறது, ஆனால் எது "சந்தை" என்பதில்தான் சண்டையே. டெலிவரி மட்டுமா, கடைக்கு வந்து வாங்கிப்போவதும் சேர்த்தியா? இரண்டாம் இடத்து ஆப் இதே ஒப்பந்தத்தை நீட்டினால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நடந்த கூகல் வழக்கும் கிட்டத்தட்ட இதுதான். போனைத் திறந்ததும் தன் தேடல்தான் வர வேண்டும் என்பதற்காக ஆப்பிள் போன்றவர்களுக்கெல்லாம் சேர்த்து 2021இல் மட்டும் 26 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றும் வேலை என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னார். உங்களுக்குத் தரும் 8 வெள்ளியும் அந்த மாதிரிப் பணம்தான், தொகைதான் சின்னது.

சும்மா_சொல்றேன்:
அதெல்லாம் சரி, வாடகை கட்டப்போவது நீதிபதியா? அக்கா, ஒரு வருடம் கழித்து என்ன விகிதம் என்று அந்தத் தாளில் இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.

தோசைக்கல்_தேக்கா:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "அப்போதைய விகிதப்படி" என்று ஒரே ஒரு வரி. தேடலில் கீழே போவதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அதையும் எழுதித் தரச் சொல்லி அந்தத் தம்பிக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், நீல டிக் வந்து மூன்று மணி நேரமாகிறது.