புதுப்பிப்பு: அக்கா மகளுக்குச் சூனியக்காரி கதை கேட்டிருந்தேனே

இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் அக்கா மகள், "நான் எதுக்கும் லாயக்கில்லை சித்தி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், நல்ல மாயக்கதை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னது டயானா வின் ஜோன்ஸின் 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' (1986). பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில், பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. படித்து முடித்துவிட்டாள்.

மூத்த பெண்ணாகப் பிறந்தால் எதுவும் உருப்படாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டவள் சோஃபி. சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. மந்திரவாதி ஹௌல் அந்தச் சாபத்தை ரகசியமாக எடுக்கப் பார்க்கிறான், பலிக்கவில்லை. அவளே கிழவி வேடத்தை விடமாட்டேன் என்கிறாள் போல என்று நினைக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சோஃபி பேசினால், அவள் செய்யும் தொப்பிக்கும் கைத்தடிக்கும்கூடச் சக்தி வரும், அது வெகுநாள் அவளுக்கே தெரியாது.

"தொப்பிக்கெல்லாம் நல்லதா சொல்றா, தன்னைப் பத்தி மட்டும் ஏன் சித்தி இப்படி?" என்று கேட்டாள். நான் குறுக்கே பேசவில்லை, அவளையே பேசவிட்டேன். நிறைய பேசினாள்.

அப்புறம், இந்தக் கதையை வைத்து ஜப்பானிய இயக்குநர் மியசாக்கி எடுத்த 2004 படம் கதையை ரொம்பவே மாற்றியிருக்கிறது; புத்தகத்தை முதலில் கொடுங்கள். அடுத்த பாகம் 'காசில் இன் தி ஏர்' ஜார்ஜ்டவுன் பக்கம் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், உடனே போய் வாங்கிவிடுகிறேன்.