மழை நின்று இரண்டு நாள் ஆனால் சரிவுப் பாதையில் நடக்கலாமா?

குன்னூர் நடையன்:
புயல் மழை முந்தாநாள் ஓய்ந்தது. இன்று நல்ல வெயில். ஞாயிறன்று எட்டுப் பேராகக் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களின் ஊடே சரிவுப் பாதையில் இறங்க எண்ணியிருக்கிறோம். இமயமலையில் நான் பயிற்சி பெற்றபோது, புதுப்பனி விழுந்த முதல் இரண்டு நாளில்தான் பனிச்சரிவு ஆபத்து மிகுதி, பிறகு பனி இறுகிவிடும் என்றார்கள். மண்ணுக்கும் அதே கணக்குதானே? ஆங்கிலத்தில் ‘அவலாஞ்ச்’ என்றால் சரிவு, நம் நீலகிரியின் அவலாஞ்சிக்கே சரிவால்தான் பெயர் வந்தது.

கேத்திவாசி:
தம்பி, வெள்ளைக்காரர் இட்ட அந்தப் பெயர் மண்சரிவைக் குறித்தது. அங்கே பனிப்பாளம் ஏது? பனி நின்றால் மேலேறும் பாரம் நின்றுவிடுகிறது. மண்ணிலோ மழை நின்ற பிறகும் மேட்டில் ஊறிய நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். உளுத்த செம்மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே அது தேங்கி அழுத்தும்போது மண்ணின் பிடி விட்டுப்போகும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, அந்த மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது வேறு அளவு மழை என்பீர்கள். சாதாரண மழை ஓய்ந்த மூன்றாம் நாள், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் தடுப்புச்சுவரின் ஓட்டைகளில் தெளிவாக வடிந்த நீர் திடீரெனச் செந்நிறமாகக் கலங்கியது. பொழுது சாய்வதற்குள் சுவரோடு கரை இறங்கிவிட்டது.

குன்னூர் நடையன்:
அப்படிப் பார்த்தால் நவம்பர் முழுவதும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான், அக்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 முதல் நீலகிரிக்கு மண்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. அதில் ஆபத்து குறைவு என்றிருந்தால் போகக் கூடாதா?

ஓய்வுபெற்ற மேஸ்திரி:
அறிவிப்பைப் பாருங்கள், ஆனால் அது பரந்த பகுதிக்கானது. நீங்கள் கால் வைக்கும் கரையை அது பார்த்ததில்லை. அக்கா சொல்வதைக் கேட்டு எல்லாச் சரிவும் ஒன்று என்று எண்ணிவிடவும் கூடாது. சோலை மூடிய சரிவு வேறு. பாதைக்காக அடியை வெட்டி, மேலே வாய்க்காலைக் குப்பையால் அடைத்த சரிவு வேறு. மேற்கரையில் பிறை வடிவ விரிசல், புதிதாகச் சாய்ந்த சவுக்கு மரம், நேற்றுவரை இல்லாத ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். தேயிலை வேர் பிடித்திருக்கிறதே என்று நம்பாதீர்கள். செடியோடு பாத்தி முழுவதும் வழுக்கி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் நடையன்:
பயிற்சியில் கேட்டதில் பாதியை மறந்திருக்கிறேன், ஐயா. பனியிலும் அடியில் வலுவற்ற அடுக்கு இருந்தால் இரண்டு நாள் கணக்கு செல்லாது. அதனால்தான் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் குழி தோண்டி, அடுக்கடுக்காகத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனாலும் பயணத்தைக் கைவிட மாட்டேன். சரிவுப் பாதையை விட்டு மேட்டு முகட்டு வழியே போகிறோம்.

கேத்திவாசி:
முகட்டு வழி சரி. அந்த எட்டுப் பேரில் மேட்டுப்பாளையத்திலிருந்து சாலை வழியாக வருபவர் எத்தனை பேர்? 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சரிந்தது அந்தச் சாலையில்தான்.