நாய்க்கு உணவு ஒவ்வாமை: எட்டு வார டயட் வீட்டில் எங்கே உடைகிறது

லேப் வீடு, கோவை:

நாய்க்கு உணவு ஒவ்வாமை என்று சந்தேகப்பட்டுக் கோழியை நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் முதலில் ட்ரை ஃபுட் பையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 'லாம்ப் அண்ட் ரைஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் சிக்கன் மீல் (உலர்த்தி அரைத்த கோழி), கோழிக் கொழுப்பு, ஈரல் பொடி. 'மீட் அண்ட் மீட் பை-ப்ராடக்ட்ஸ்' (இறைச்சியும் அதன் உபரிப் பாகங்களும்) என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அதில் கோழி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும், அதே எந்திரத்தில் அதற்கு முன்னால் கோழித் தீனி ஓடியிருந்தால் மிச்சத் தூள் இதிலும் கலக்கும். சாதாரணப் பையை மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஒவ்வாமை வருவது பெரும்பாலும் புரதத்துக்கு. 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் மாட்டிறைச்சி 34%, பால் பொருட்கள் 17%, கோழி 15%, கோதுமை 13%. அரிசி வெறும் 5 நாய்களில்தான். அந்த நாய்கள் அதிகமும் மேலை நாட்டு நாய்கள். நம் வீட்டு நாய் தினமும் தின்பது கோழிக் கழுத்து, தயிர் சாதம், பால், பிஸ்கட். சந்தேகப் பட்டியலை அதை வைத்துத்தான் எழுத வேண்டும். அரிசியைக் குற்றவாளி ஆக்கி, 'கிரெயின் ஃப்ரீ' (தானியம் இல்லாதது) என்று இரண்டு மடங்கு விலைக்கு வாங்கும் பையிலும் கோழிதான் முதல் பொருளாக இருக்கும். வீண் செலவு.

ரத்தம், உமிழ்நீர், முடி வைத்துச் செய்யும் 'அலர்ஜி டெஸ்ட்' எதுவும் உணவு விஷயத்தில் நம்பத் தகுந்தது இல்லை. நோயில்லாத நாய்க்கும் பாசிட்டிவ் காட்டும். சரியான வழி ஒன்றுதான்: நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, 8 வாரம், வேறு எதுவும் கிடையாது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் 5 வாரத்திலும், 90 சதவீதத்துக்கு மேல் 8 வாரத்திலும் தெளிந்துவிடும். மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் மாறவில்லை' என்று கைவிடுவதில் அர்த்தமில்லை.

20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,050 கலோரி வேண்டும். அதற்கான அளவு:

ஜிலேபி மீன், முள் எடுத்த சதை, பச்சையாக எடை போட்டு 400 கிராம்
பச்சரிசி அல்லது ஜவ்வரிசி, வேகவைக்கும் முன் 160 கிராம்
ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் 2 டீஸ்பூன்

உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். 10 கிலோ நாய்க்குப் பாதி போட்டால் போதாது, 60 சதவீதம் வேண்டும். சின்ன உடம்புக்குக் கிலோ கணக்கில் எரிசக்தித் தேவை கூடுதல். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இறங்கினால் எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

ஜவ்வரிசி சொன்னதற்குக் காரணம் உண்டு. அது மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்து, புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறந்ததிலிருந்து சாதம் தின்ற நாய்க்கு அரிசியையும் சேர்த்து விலக்கிப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட எளிய பொருள் நம் கடைகளில் இல்லை. ஊறவைத்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை கொதிக்க வையுங்கள். ஆறினால் பசைபோல் இறுகும். வெந்நீர் விட்டு இளக்கி மீனோடு பிசைந்தால் தின்னும்.

பழைய சாப்பாட்டிலிருந்து இதற்கு ஒரே நாளில் தாவினால் வயிற்றுப்போக்கு ஆகும். கால், அரை, முக்கால் என்று ஐந்தாறு நாளில் மாற்றுங்கள். எட்டு வாரக் கணக்கு, பழையது முழுதாக நின்ற நாளிலிருந்துதான் தொடங்கும்.

*

கடற்கரைக்காரன், தூத்துக்குடி:

மீன் என்றால் எந்த மீன் என்பதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. மத்தி, அயிலை, சூரை மூன்றும் ஐஸில் சரியாக வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமைபோல் அறிகுறி காட்டும் பொருள் ஊறும். வேகவைத்தாலும் அது போகாது. தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாயின் காது மடல் உள்பக்கம் சிவந்து சூடேறும், வாந்தி எடுக்கும். அது மீனுக்கு ஒவ்வாமை இல்லை, கெட்ட மீன். மாலைச் சந்தையில் விலை இறங்கின பிறகு வாங்குவதில்தான் இது நடக்கும். செவுள் ரத்தச் சிவப்பாகவும், விரலால் அழுத்தினால் சதை குழியாமலும் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கான மீனை அன்றே வேகவைத்து, வேளைக்கு ஒன்றாகக் கட்டி ஃப்ரீஸரில் வைத்துவிடுவது நல்லது. கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு.

*

க்ளினிக் பக்கம், சென்னை:

டயட் தொடங்குவதற்கு முன்னால் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. அதை முடிக்காமல் தொடங்கினால் எட்டு வாரமும் வீண்.

ஒன்று, தெள்ளும் உண்ணியும். நம் ஊர் வெயிலில் இவற்றுக்கு ஓய்வே இல்லை. அரிப்பு வாலின் அடியிலும் இடுப்பிலும் அதிகம் என்றால் முதல் சந்தேகம் தெள்ளு. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் காதிலும், பாத விரல் இடுக்கிலும், ஆசனவாயைச் சுற்றியும் காட்டும். கூடவே ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் மலம், வாயு. மழைக்காலம், கோடை என்ற வித்தியாசம் இல்லாமல் வருடம் முழுக்க இருக்கும். ஒரு வயதுக்குள் தொடங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

இரண்டு, தோலில் பெருகும் ஈஸ்ட்டும் (ஒரு வகைப் பூஞ்சை) பாக்டீரியாவும். பாதத்தை நக்கி நக்கி வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு வந்திருக்கும், காதில் புளித்த வாடையும் காப்பிப்பொடி நிற அழுக்கும் இருக்கும். இது தானாகவே அரிக்கும், சாப்பாட்டை மாற்றினாலும் அரிக்கும். டேப் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். 2% குளோர்ஹெக்சிடின், 2% மைக்கோனசோல் சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. நுரை உடம்பில் 10 நிமிடம் இருக்க வேண்டும். போட்டதும் கழுவினால் வெறும் குளியல்.

மூன்று, ஸ்டீராய்டு ஊசி. 'ஒரு ஊசி போட்டா ஒரு மாசம் நல்லா இருக்கு' என்று சொல்லும் நீண்டநாள் ஊசி போட்டிருந்தால் அதன் வேலை பல வாரம் ஓடும். அந்தச் சமயத்தில் டயட் தொடங்கினால் அரிப்பு குறைந்தது ஊசியாலா, மீனாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நாய் தூங்காமல் சொறிகிறது என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் மாத்திரையாகக் கொடுத்து நிறுத்தலாம், மாத்திரையின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

*

பக் அம்மா, மதுரை:

சமையல் யாருக்கும் பிரச்சினை இல்லைங்க. வீட்ல மத்தவங்கதான் பிரச்சினை. தாத்தா காலைல காபியோட குடுக்கற மேரி பிஸ்கட்ல கோதுமையும் பாலும் இருக்கு. குழந்தை கீழ சிந்தற பருப்பு சாதத்துல நெய் இருக்கு. ஒரு துண்டுதானேன்னு நினைக்காதீங்க, ஒரு துண்டு போதும், அரிப்பு திரும்பி சில நாள் இருக்கும். அதுக்குள்ள இன்னொரு துண்டு விழுந்தா எட்டு வாரமும் இப்படியே போயிடும்.

யாரும் கவனிக்காத இடம்னு பார்த்தா மாத்திரைதான். குடற்புழு மாத்திரை கோழி சுவையில வருது. மெல்லுற உண்ணி மாத்திரைல சிலதுல பன்றி ஈரல் பொடி இருக்கு. பன்றிக்கறி வெச்சு டயட் பண்றவங்க அதையே குடுத்துட்டா கணக்கு போச்சு. டயட் முடியறவரைக்கும் கழுத்துல விடற சொட்டு மருந்தா கேட்டு வாங்குங்க. நாய் டூத்பேஸ்ட், மூட்டு மாத்திரை, ஜெலட்டின் கேப்ஸ்யூல், மெல்ற எலும்பு எல்லாம் நிறுத்தணும். மாத்திரையைச் சீஸ்ல சுத்திக் குடுக்கற பழக்கம் இருந்தா அதே மீனை உருண்டையா பிசைஞ்சு அதுக்குள்ள வைங்க.

பூனை இருக்கற வீடுன்னா பூனைத் தட்டு மேடை மேல. வாக்கிங்ல குப்பையில வாய் வெக்கற நாய்னா கூடை மாதிரி வாய்மூடி. ட்ரீட் வேணும்னா அதே மீனை மெல்லிசா நறுக்கி தோசைக்கல்லுல எண்ணெய் இல்லாம சின்ன தீயில காய விடுங்க. கொஞ்சம் கரகரன்னு ஆயிடும், டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். தாத்தா கையில அந்த டப்பாவைக் குடுத்துடுங்க. 'குடுக்காதீங்க'ன்னு சொல்றதவிட இது வேலை செய்யும்.

தினம் ராத்திரி அரிப்புக்குப் பத்துக்கு எவ்வளவுன்னு காலண்டர்ல எழுதுங்க, ஒரே ஆள் எழுதணும். வாரம் ஒரு ஃபோட்டோ: ரெண்டு காது உள்பக்கம், நாலு பாதம், வயிறு.

*

கிட்டு, திருச்சி:

மட்டன் போடலாமா? கோழிக்குப் பதில் காடை?

*

லேப் வீடு, கோவை:

காடை வேண்டாம். கோழி, வான்கோழி, வாத்து, காடை எல்லாம் ஒரே பறவைக் கூட்டம். ஒன்றுக்குச் சேராத உடம்பு மற்றதையும் கோழி என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அதே கதை, மாட்டிறைச்சிக்கும் பாலுக்கும்கூட. நாய் பாலும் தயிரும் தின்றே வளர்ந்தது என்றால் மட்டன் இரண்டாம் தேர்வுதான். கடையில் மட்டன் என்று வெட்டுவது வெள்ளாடா, செம்மறியா என்றும் தெரியாது. மீன் புதிது என்றால் மீன், இல்லாவிட்டால் பன்றி அல்லது பண்ணை முயல். கறியைக் கோழிக்கடைக் கட்டையில் வெட்டி வாங்காதீர்கள்.

சமைக்க முடியாதவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவு இருக்கிறது. புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்திருப்பார்கள். ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக்கில் முக்கியப் புரதம் சோயா. ஹில்ஸ் இசட்/டி-யில் கோழி ஈரல். கோழிதான் சந்தேகம் என்றால் சோயாவில் தொடங்குங்கள். உடைத்த கோழிப் புரதத்துக்கும் சில நாய்களுக்கு அரிப்பு வரும். ஒரு வயதுக்குள் உள்ள குட்டிக்கு மீனும் அரிசியும் சரிப்படாது, கால்சியம் இல்லாமல் எலும்பு வளையும். குட்டிக்கு இந்த வகைப் பைதான், அதிலும் வளரும் குட்டிக்கு ஏற்றது எது என்று டாக்டர் சொல்லட்டும்.

*

க்ளினிக் பக்கம், சென்னை:

எட்டாம் வாரம் அரிப்பு எட்டிலிருந்து இரண்டுக்கு வந்ததும் எல்லாரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை கிடைத்தது பாதி விடைதான். மழை நின்றதாலும் குறையலாம், ஷாம்புவாலும் குறையலாம். பழைய சாப்பாட்டை அப்படியே திரும்பக் கொடுங்கள். உணவுதான் காரணம் என்றால் 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும், பல நாய்களில் முதல் வாரத்திலேயே. வயிற்றுக் கோளாறு என்றால் அதைவிடச் சீக்கிரம். திரும்பிய அன்றே நிறுத்தி மீனுக்கு வந்துவிடுங்கள். 14 நாளும் அமைதி என்றால் உணவு இல்லை. தூசிப்பூச்சி, மகரந்தம் பக்கம் பார்க்க வேண்டும்.

அரிப்பு அடங்கியதும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மீன் சாப்பாட்டோடு வேகவைத்த கோழி மட்டும், 20 கிலோ நாய்க்கு நாளைக்கு 50 கிராம்போல, இரண்டு வாரம். அரித்தால் நிறுத்தி, முழுதாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்தது: தயிர், பிறகு முட்டை, பிறகு வெறும் சப்பாத்தி. அடங்குவதற்கு முன் அடுத்ததைப் போட்டால் முதலுக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே நாய்க்கு இரண்டு பொருள் சேராமல் இருப்பது சாதாரணம், முதல் குற்றவாளி கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

தின்றதும் முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அந்தப் பொருளை வீட்டில் சோதிக்கவே கூடாது.

*

லேப் வீடு, கோவை:

சோதனை முடிந்து வீட்டுச் சமையலிலேயே தொடர நினைப்பவர்களுக்கு: மேலே சொன்ன மீன், அரிசி அளவு எட்டு வாரத்துக்குத்தான். அதில் கால்சியம், துத்தநாகம், செம்பு, வைட்டமின் ஈ எல்லாம் குறை. கால்சியம் 1,000 கலோரிக்கு ஏறத்தாழ 1.25 கிராம் வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளும் நாய் என்றால் ஓட்டைக் கொதிக்க வைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, 20 கிலோ நாய்க்கு நாளைக்கு முக்கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, எடையில் மூன்றரை கிராம். முட்டை சோதிக்காத நாய்க்கு ஓடு கூடாது, உள்சவ்வில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும். சுவை சேர்க்காத கால்சியம் கார்பனேட் மாத்திரை வாங்குங்கள், 1.25 கிராம் மாத்திரையில் கால்சியம் 500 மில்லிகிராம். மற்றதற்குக் கடையில் கிடைக்கும் மல்டிவைட்டமின் சிரப்பைக் கண்ணை மூடி ஊற்றாதீர்கள், பலவற்றில் ஈரல் சாறு இருக்கிறது. கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.