அண்ணியின் விண்ணப்பம்

வாட்ஸ்அப் குழு: நம் வீட்டார்

மாலை 6:10

அண்ணன்: எல்லோருக்கும் ஒரு செய்தி. நாங்கள் இருவரும் போய்வந்த மலைப்பாதை பைக் பயணத்துக்கு, முடித்தவர் சான்றிதழ் கேட்டு இன்று விண்ணப்பிக்கிறேன். பாதையை வகுத்த குழு, ஓட்டி முடித்தவர்களின் பெயர்களைத் தன் பட்டியலில் சேர்க்கிறது. சான்றிதழோடு பைக்கில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் வரும்.

பாட்டி: நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே கண்ணு, எனக்கு அது போதும். எத்தனையாவதாக வந்தாய்?

அண்ணன்: இது பந்தயம் இல்லை பாட்டி. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. மண்ணும் கல்லுமான பாதையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஓட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை: பந்தயமே இல்லை என்றால் சான்றிதழ் எதற்கு? கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சித்தப்பா: நான் சொல்கிறேன். பந்தயங்களிலேயே முடிப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. இப்போது பெயர் சர்வதேச ஆறு நாள் என்டியூரோ. என்டியூரோ என்றால் கரடுமுரடான பாதையில் நெடுநேரம் தாக்குப்பிடித்து ஓட்டும் பந்தயம். அதில் தங்கப் பதக்கம் ஒருவருக்கு மட்டும் என்றில்லை. முதலில் வந்தவரின் நேரத்தை நெருங்கி முடித்த எல்லோருக்கும் தங்கம், அடுத்த நிலையில் வெள்ளி, முடித்தாலே வெண்கலம். அந்த வெண்கலத்துக்காகக் கை கொப்புளித்து ஆறு நாள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015இல் நம் நாட்டு பைக் வீரர் சி.எஸ்.சந்தோஷ், பாலைவனங்களைக் கடந்து பல நாள் ஓட்டும் டாக்கர் பந்தயத்தை முடித்தபோது அவருக்குக் கிடைத்தது 36ஆம் இடம். ஆனால் டாக்கரை முடித்த முதல் இந்தியர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்கிறோம்.

அத்தை: அப்படியானால் நேரத்தையாவது கணக்கில் எடுக்கலாமே? இத்தனை மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு என்று?

சித்தப்பா: கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பந்தயத்தில் வேகம் காட்டும் பகுதிகளை மற்றவர்களுக்கு மூடிவிடுகிறார்கள். இந்த நெடும்பாதைகளோ எல்லோருக்கும் திறந்தவை. வளைவுக்கு அப்பால் மாடு வரும், விறகு சுமப்பவர் வருவார், எதிரே இன்னொரு பைக் வரும். அங்கே கடிகாரத்தை வைத்துப் பரிசு கொடுத்தால் யாராவது அடிபடுவார்கள். பிறகு பாதையையே மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் சாம் கொரேரோ என்பவர் 1980களிலிருந்து சிறு சிறு மண்சாலைகளைத் தேடி இணைத்துத்தான் நாட்டின் குறுக்கே போகும் டிரான்ஸ் அமெரிக்கா டிரெயிலை உருவாக்கினார். அப்படி ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கோத்த பாதையை ஒருவருடைய அவசரம் கெடுத்துவிடக் கூடாது.

நான்: நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் தரும் அயர்ன் பட் சங்கம் நேரம் வைக்கிறதே சித்தப்பா? 24 மணி நேரத்தில் 1,000 மைல்?

சித்தப்பா: ஆமாம், ஏறத்தாழ 1,609 கிலோமீட்டர். ஆனால் அதைப் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரக் கணக்கை அல்ல, சான்று கேட்கும் கண்டிப்பை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சான்று கேட்கிறார்கள். பெட்ரோல் போட்ட இடங்களின் ரசீது வேண்டும், அதில் நாள், நேரம், ஊர் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். ஓடோமீட்டர் கணக்கும் வேண்டும்.

அத்தை: சரி, புரிகிறது. சான்றிதழ் இருவருக்கும் வரும் அல்லவா? மருமகளும் தன் பைக்கில்தானே வந்தாள்?

மாலை 6:41

அண்ணி: நான் விண்ணப்பிக்கவில்லை. அவர் மட்டும் அனுப்பட்டும்.

அத்தை: ஏன் அம்மா?

அண்ணி: ஆழமான ஆறு ஒன்று இருந்தது. என் கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. அதனால் என் பைக்கை அவர்தான் ஓட்டி அக்கரை சேர்த்தார். நான் நடந்து கடந்தேன். அந்தத் தூரத்தை நான் ஓட்டவில்லை. ஓட்டாததை ஓட்டினேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன்: நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அந்த ஆற்றின் அகலம் முழுப் பாதையில் ஒரு துளிகூட இல்லை.

சித்தப்பா: தம்பி, நீ சற்றுப் பொறு. அவள் சொல்வது நியாயமானது. அம்மா, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பயணத்தில் அவன் டயர் பஞ்சர் ஆனதே, யார் கழற்றி ஒட்டியது?

அண்ணி: நான்தான் மாமா. அவருக்கு டயர் நெம்புகோல் பிடிபடாது.

சித்தப்பா: ஆறு நாள் என்டியூரோவில் இப்படி நடந்திருந்தால் அவனை வெளியே அனுப்பியிருப்பார்கள். அங்கே டயரை ஓட்டுபவர்தான் மாற்ற வேண்டும். வேறு யாரும் கைவைக்கக் கூடாது. டாக்கரில்கூட உதவிக் குழுவே இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு என்று தனிப் பிரிவு உண்டு. அவர்கள் இரவு முகாமில் உட்கார்ந்து தங்கள் பைக்கைத் தாங்களே பழுதுபார்க்கிறார்கள். அந்த அளவுகோலை எடுத்தால் உங்கள் இருவர் பயணமும் முழுமை இல்லை. அதனால் ஆற்றை மட்டும் தனியாகப் பிரித்து உன்னை நீயே தள்ளிவைக்காதே.

அண்ணி: அப்படியென்றால் எதை அளவாக வைப்பது?

சித்தப்பா: அந்தக் குழுவின் விதியைத்தான். தம்பி, துணைக்கு வருபவர் உதவலாமா என்று விதியில் என்ன எழுதியிருக்கிறார்கள்?

அண்ணன்: ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றாக ஓட்டியவர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம். பாதையிலிருந்து விலகிய இடங்களைக் காரணத்தோடு குறிப்பிட வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

சித்தப்பா: இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? ஆற்றைப் பற்றி எழுது, மறைக்காமல் எழுது. முடிவை அவர்களிடம் விடு. ஆழமான தண்ணீரில் ஓட்டத் துணியாமல் இறங்கி நடந்ததை நான் குறையாகவே நினைக்க மாட்டேன். பைக்கைத் தள்ளிக்கொண்டு கடப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறதோ அந்தப் பக்கம் நின்று பிடியுங்கள். சரிந்தால் பைக் உங்களை விட்டு விலகித்தான் விழும். மறுபக்கம் நின்றால் அது உங்கள் மேல் விழுந்து தண்ணீருக்குள் அழுத்திவிடும்.

பாட்டி: இதையெல்லாம் போவதற்கு முன்பே சொல்லியிருந்தால் நான் அனுப்பியே இருக்க மாட்டேன்.

நான்: நிலச்சரிவுப் பகுதியையும் எழுத வேண்டும் அல்லவா அண்ணா? தார்ச்சாலையில் சுற்றித்தானே வந்தீர்கள்?

அண்ணன்: ஆமாம். மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தார்கள். சிலர் பலகையைத் தாண்டிப் போன டயர் தடம் தெரிந்தது.

சித்தப்பா: போகாமல் இருந்தாயே, அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பலகையைப் படம் எடுத்தாயா?

அண்ணன்: எடுத்தேன். இந்தக் குழுவில்கூடப் போட்டேனே.

சித்தப்பா: இங்கிருந்து எடுத்து அனுப்பாதே. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் எடுத்த இடம், நேரம் போன்ற உள்தகவல்கள் போய்விடும். போனில் இருக்கும் மூலப் படத்தை எடு. அனுப்பும்போது ஆவணமாக அனுப்பு. அப்படியே வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் சான்று ஆகாது. முன்கூட்டியே வரைந்த வழியை யாரும் படம் பிடிக்கலாம். ஓட்டும்போது போனில் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பில், அதாவது போன வழியின் தடப்பதிவில், ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும். அதைத்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணி: என் போனிலும் பதிவு இருக்கிறது. மரம் அடர்ந்த பள்ளத்தாக்கில் மட்டும் கோடு கோணலாகத் தாவுகிறது.

சித்தப்பா: திருத்தாதே. மரத்தடியிலும் செங்குத்துப் பாறை ஓரத்திலும் சமிக்ஞை அப்படித்தான் தடுமாறும், பார்ப்பவர்களுக்குத் தெரியும். கோடு மிக நேர்த்தியாக இருந்தால்தான் சந்தேகம் வரும். வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடு. நம் முகவரி பொதுப் பட்டியலில் போக வேண்டாம்.

இரவு 8:25

அண்ணி: எழுதிவிட்டேன் மாமா, பாருங்கள். "பாதையை என் பைக்கில் ஓட்டி முடித்தேன், இரண்டு இடங்கள் நீங்கலாக. நிலச்சரிவால் மூடப்பட்ட பகுதியைத் தார்ச்சாலை வழியாகச் சுற்றிக் கடந்தேன். அறிவிப்புப் பலகையின் படத்தை இணைத்திருக்கிறேன். ஆழமான ஓர் ஆற்றில் என் பைக்கை என் கணவர் ஓட்டிக் கடந்தார், நான் நடந்து கடந்தேன். வழி பார்த்து முன்னே சென்றது பெரும்பாலும் நான். வழியில் ஏற்பட்ட பஞ்சரைச் சரிசெய்ததும் நான்."

சித்தப்பா: ஒரு வரியும் மாற்றாதே. ஆற்றுக்கு முன் நின்ற நேரத்தை மட்டும் சேர்.

அண்ணன்: என் விண்ணப்பத்திலும் பஞ்சரைச் சேர்த்துவிட்டேன். டயரைச் சரிசெய்தவர் என் மனைவி என்றே எழுதியிருக்கிறேன்.

அத்தை: அவர்கள் அவளுடையதை ஏற்கவில்லை என்றால்?

அண்ணி: தண்ணீர் இறங்கும் பருவத்தில் திரும்பப் போய் அந்த ஆற்றை நானே ஓட்டிக் கடப்பேன் அத்தை. அங்கே போய்ச் சேர எனக்கு வழி தெரியும்.

சித்தப்பா: அன்றைக்கும் தடப்பதிவை இயக்கி வை. வழியில் பவர் பேங்க் நனையாமல் பார்த்துக்கொள்.

அண்ணி: சரி மாமா. இரண்டு விண்ணப்பங்களும் இப்போதுதான் போயின.